ஒன்றுக்கு இருபது

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் மாமாவும் நன்றாக இருக்கிறோம். அவருடைய முதுகுவலி போன மாதம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. எனக்குத் தொண்டை கட்டியிருந்தது, இப்போது மறுபடி கத்த முடிகிறது. உன் உடம்பு எப்படி? காற்றில் நின்று இருமலை வாங்கிக் கட்டிக்கொள்ளாதே.

நீ அனுப்பிய வரைபடம் வந்து சேர்ந்தது. உங்கள் இழுவைப் படகுக்கு யானை என்று பட்டப்பெயர் வைத்தவர் யாரோ தெரியாது, சரியாகத்தான் வைத்திருக்கிறார். பெரிய பெரிய கப்பல்களைக் கயிறு போட்டு இழுத்துத் துறைமுகத்துக்குள் கொண்டுவருவது என்றால் சும்மாவா! நவம்பரில் எங்கள் மாதிரிப் படகுச் சங்கத்தின் கண்காட்சி. "என் தம்பி வேலை பார்க்கிற படகைச் செஞ்சு வைக்கிறேன்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். அந்தச் சங்கத்தில் பஸ் ஓட்டுகிறவள் நான் ஒருத்திதான். தலைவர் ஒரு பல் டாக்டர். "அழகா இருந்தா மட்டும் போதாதும்மா. அளவு தப்பா இருந்தா மேஜையில வைக்க விடமாட்டேன்" என்று இப்போதே சொல்லிவிட்டார். பல்லைப் பிடுங்குகிறவர், விடுவாரா?

இப்போது சிக்கலைக் கேள். தாளின் மூலையில் ஒன்றுக்கு நூறு என்று அச்சாகியிருக்கிறது. தாளில் படகின் நீளம் இருபத்து நான்கு சென்டிமீட்டர். அப்படியானால் நிஜப் படகு இருபத்து நான்கு மீட்டர். நீயோ யானை முப்பது மீட்டர் என்று ஊரெல்லாம் அளந்துகொண்டிருக்கிறாய். தாள் பொய் சொல்கிறதா, நீ சொல்கிறாயா?

போனில் சொல்லாதே. நீ சொல்லும் எண்ணில் பாதி காற்றோடு போய்விடும், மீதியை நான் தப்பாகக் குறித்துக்கொள்வேன். தாளில் எழுது. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா

*

மார்ச் 27

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான் சௌக்கியம். இருமல் இல்லை. மாமாவின் முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல். நாள் முழுக்கத் தையல் மெஷின்மேல் குனிந்திருந்தால் முதுகு வேறு என்ன செய்யும்?

நானும் பொய் சொல்லவில்லை, தாளும் பொய் சொல்லவில்லை. ஜெராக்ஸ் கடையில் அசல் வரைபடம் பெரிதாக இருந்தது, தாளுக்குள் அடங்கவில்லை. "சுருக்கித் தரட்டுமா?" என்றார்கள், தலையாட்டினேன். படம் சுருங்கியது, மூலையில் இருந்த எழுத்துக்கு அது தெரியவில்லை. யானை முப்பது மீட்டர்தான். அதில் சந்தேகமே வேண்டாம்.

இன்னொரு செய்தி. கேப்டன் தேர்வு முடிவு வந்துவிட்டது. பாஸ். மற்றதைப் பிறகு எழுதுகிறேன்.

உன் தம்பி

*

ஏப்ரல் 2

என் அருமைத் தம்பிக்கு,

சுகமா என்று கேட்கவே தோன்றவில்லை. பாஸான செய்தியை இப்படியா எழுதுவது? ஜெராக்ஸ் கடைக்குப் பத்து வரி, கேப்டன் தேர்வுக்கு ஒரு வரி! உன் கடிதத்தை டிப்போவில் வைத்துப் படித்தேன். பிறகு முதல் நடையிலேயே பஸ் முழுக்கச் சொல்லிவிட்டேன். "எங்க தம்பி கேப்டனாயிட்டான். இனிமே யானையே அவன் கையில!" என்றேன். தினமும் சில்லறைக்குச் சண்டை போடும் அம்மாள்கூட அன்றைக்குச் சிரித்தார். உன் மாமா வாயில் குண்டூசியை வைத்துக்கொண்டே கைதட்டினார். நான்தான் பயந்துபோய்ப் பிடுங்கி எடுத்தேன்.

அளவு விஷயம் தீர்ந்தது. இருபத்து நான்கு சென்டிமீட்டர் தாளில் முப்பது மீட்டர் படகு என்றால் ஒன்றுக்கு நூற்றிருபத்தைந்து. ஆனாலும் உன் பேச்சை மட்டும் நம்பி மரத்தை அறுக்கவில்லை. படகின் விளிம்பில் இடி தாங்கத் தொங்கும் டயர்கள் தாளில் வட்டமாக இருக்கின்றன அல்லவா? நீ முன்பு அனுப்பிய போட்டோவில் அதே டயர் உன் பக்கத்தில் சாய்ந்து நிற்கிறது, உன் இடுப்பு வரை வருகிறது. பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அது என் பஸ் டயர்தான். டிப்போவில் போய் நாடா பிடித்தேன், நூற்றைந்து சென்டிமீட்டர். தாளில் உள்ள வட்டத்தோடு கணக்குப் போட்டால் அதே நூற்றிருபத்தைந்து. அந்த இடத்திலேயே குதித்தேன்.

மேஜையில் ஆளுக்கு எழுபது சென்டிமீட்டர்தான் இடம். அதனால் அறுபது சென்டிமீட்டரில் செய்கிறேன். அதாவது தாளை இரண்டரை மடங்கு பெரிதாக்க வேண்டும். மெஷின் ஒரு தடவைக்கு இருநூறு சதவீதம்தான் போகும். "முதல்ல இருநூறு போடுங்க, அப்புறம் நூத்தம்பது போடுங்க" என்று கெட்டிக்காரத்தனமாகச் சொன்னேன். எழுபத்திரண்டு சென்டிமீட்டரில் ஒரு யானை வந்து விழுந்தது. கூட்டக் கூடாது, பெருக்க வேண்டும் என்று அப்புறம்தான் உறைத்தது. இருநூறு, அதன்மேல் நூற்றிருபத்தைந்து. இப்போது அளவு சரியாக ஒன்றுக்கு ஐம்பது.

எனக்கு இரண்டு உதவி வேண்டும். உன் தாளில் சுக்கான் அறை இருக்கும் இடத்தில் டீ கொட்டியிருக்கிறது (யாருடைய டீ என்று கேட்க மாட்டேன்). அந்த அறையின் அகலம், உயரம், கதவு மூன்றையும் நாடாவால் அளந்து அனுப்பு. கூடவே உன்னுடைய முழு உருவப் போட்டோ ஒன்று. சுக்கான் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல உன்னைச் செய்யப் போகிறேன். யானை வேறு யாருடையது?

பெருமையில் இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. நீயாவது சாப்பிடு.

உன் அக்கா

*

மே 11

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே. வேலை அதிகம். உடம்பு நன்றாக இருக்கிறது. நீயும் மாமாவும் நலம்தானே?

நீ கேட்ட அளவுகள். நான் நிற்கிற சுக்கான் அறையை நானே நாடா வைத்து இரண்டு தடவை அளந்தேன். அகலம் ஒரு மீட்டர் எண்பது. உள் உயரம் ஒரு மீட்டர் எண்பத்தைந்து. கதவு அகலம் அறுபது சென்டிமீட்டர், இடது பக்கம் திறக்கும், மழை பெய்தால் இழுத்துச் சாத்த வேண்டும். கண்ணாடி முன்னால் மூன்று. சக்கரம் மரம், எழுபது சென்டிமீட்டர் குறுக்களவு, கைப்பிடி எல்லாம் தேய்ந்து வழவழவென்று இருக்கிறது. ஒரு தட்டுத் தட்டினால் போதும், சொன்ன பேச்சு கேட்கும்.

போட்டோ இதனுடன் இருக்கிறது. என் உயரம் நூற்றெழுபது என்பது உனக்கே தெரியும். பஸ்ஸில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்காதே அக்கா, கூச்சமாக இருக்கிறது.

உன் தம்பி

*

மே 17

தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமா என்பதுதான் இப்போது எனக்குத் தெரிய வேண்டும்.

யானையின் அடிக்கட்டையும் விலாக்களும் முடிந்துவிட்டன. உன் அளவை வைத்துச் சுக்கான் அறையை அட்டையில் வெட்டினேன். ஒரு மீட்டர் எண்பதை ஐம்பதால் வகுத்தால் மூன்று சென்டிமீட்டரும் ஆறு மில்லியும். தீப்பெட்டி நீளம்கூட இல்லை. யானை முதுகில் தீப்பெட்டியை வைத்ததுபோல உட்கார்ந்திருந்தது. கணக்கில் தப்பு என்று மறுபடி போட்டேன். உன் மாமாவையும் போடச் சொன்னேன். அவரும் அதையே சொன்னார். "கேப்டன், உன் தம்பி, இன்னொருத்தர், மூணு பேர் நிக்கிற அறைன்னு முன்ன எழுதியிருந்தானே. இதுல மூணு பேர் நின்னா ஒருத்தர் மூச்சை ஒருத்தர்தான் விடணும்" என்றார்.

பிறகு போட்டோவை எடுத்துப் பார்த்தேன். நீ கரையில் நிற்கிறாய், பின்னால் படகின் முன்பக்கம் கொஞ்சம் தெரிகிறது, அதில் ஒரு டயர் தொங்குகிறது. தம்பி, நான் டயரைப் பார்த்துத்தான் சோறு சாப்பிடுகிறேன். அது என் பஸ் டயர் இல்லை. கீழே இறக்கி நிறுத்தினால் உன் முழங்காலுக்குச் சற்று மேலேதான் வரும். அது கார் டயர். கார் டயரைக் கட்டிக்கொண்டு யானை கப்பலை இழுக்காது.

கரையில் நிற்பவன் நீ, சுக்கான் அறையை அளந்தவனும் நீ. அது எந்தப் படகு? வேலையில் ஏதாவது பிரச்சினையா? யாராவது ஏதாவது சொன்னார்களா? எதுவாக இருந்தாலும் எழுது. இரண்டு நாளாக விலாவுக்குப் பலகை ஒட்டவில்லை.

உன் அக்கா

*

ஜூன் 10

தம்பிக்கு,

பதில் இல்லை. தபால்காரர் என்னைக் கண்டால் வேறு தெருவில் திரும்புகிறார். "ஒண்ணும் வரலைம்மா" என்று சொல்லிச் சொல்லி அவருக்கே வெட்கமாகிவிட்டதாம்.

உடம்பு நன்றாக இருக்கிறது என்று மட்டுமாவது எழுது. கணக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அக்கா

*

ஜூன் 19

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. அதை முதலில் எழுதுகிறேன். வேலையும் இருக்கிறது. யாரும் எதுவும் சொல்லவில்லை.

தேர்வு முடிவு வந்த அன்று மேலாளர் கூப்பிட்டார். "கேப்டனா ஒரு இடம் காலியா இருக்கு. ஆனா அது யானையில இல்ல. குடத்துல" என்றார். குடம் என்றால் இங்கே தண்ணீர்ப் படகு. நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களுக்கெல்லாம் குடிதண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பது. பன்னிரண்டு மீட்டர். துறைமுகத்திலேயே சின்னது அதுதான். ஆட்கள் இரண்டே பேர், நானும் எஞ்சின் பார்க்கிற ஒருவரும். அவரை எல்லாரும் கிரீஸ் என்பார்கள், அவர் சட்டையைப் பார்த்தால் காரணம் கேட்க மாட்டாய். நாங்கள் போனால் கப்பல்காரர்கள் தட்டையும் டம்ளரையும் தட்டி, "குடம் வருது, குடம் வருது" என்று சத்தம் போடுவார்கள். யானை ஆட்கள்தான் அதிலும் அதிகம். நானே ஆறு வருஷம் அங்கே நின்று தட்டியவன்தான்.

யானையில் இரண்டாம் ஆளாகவே இருந்திருக்கலாம். அந்த ஆறு வருஷத்தில் கேப்டன் சாப்பிடப் போகும்போது மட்டும்தான் சுக்கானைத் தொட்டேன். அதனால் பத்து நாள் யோசித்துவிட்டு, மேலாளரிடம் போய்க் குடத்துக்குச் சரி என்றேன். சரி என்று சொல்லிவிட்டு வெளியே வந்தால், நீ பஸ் முழுக்க யானையை என் கையில் கொடுத்துவிட்டாய் என்று கடிதம் வந்திருக்கிறது. நான் என்ன செய்வேன்? நாடாவை எடுத்துக்கொண்டு யானையில் ஏறவும் கூச்சமாக இருந்தது. "என்னப்பா குடம், எங்களை அளக்க வந்துட்டியா?" என்பார்கள்.

உனக்குப் பொய் எழுத மனசு வரவில்லை. உண்மையை எழுதவும் வரவில்லை. அதனால்தான் நான் நிற்கிற அறையை அளந்து எழுதினேன். நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று தெரியும். டயரை வைத்துக் கண்டுபிடிப்பாய் என்றுதான் நினைக்கவில்லை.

உன் யானையைக் கெடுத்துவிட்டேன். அளவை எழுதித் தரும்படி யானை கேப்டனையே கேட்கிறேன். நீ அதை முடித்து வை. ஆனால் அதில் என்னை வைக்காதே.

உன் தம்பி

*

ஜூன் 24

அடேய் மடையா,

நாங்கள் நலம். நீ நலம் இல்லை, உனக்கு மூளை இல்லை. கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன், உடனே திட்டினேன், திரும்பவும் அழுதேன். உன் மாமா எதற்குக் கிட்டே வந்து ஆறுதல் சொல்வது, எதற்கு ஒதுங்கி நிற்பது என்று தெரியாமல் கதவோரமே நின்றார்.

நான் கண்டக்டராக இருந்து டிரைவர் ஆனேனே, நினைவிருக்கிறதா? முதலில் எனக்கு என்ன வண்டி கொடுத்தார்கள்? பின்கதவைக் கயிற்றால் கட்டி வைத்திருந்த அந்த மினி பஸ். சந்தையிலிருந்து காய்கறிக் கூடை ஏற்றிவரும் தடம். டிப்போவில் எல்லாரும் அதைத் தொட்டில் என்பார்கள், அவ்வளவு ஆடும். முதல் நாள் கையெல்லாம் எனக்கு வேர்வை. அன்றைக்கு முன் சீட்டில் வந்து உட்கார்ந்தது யார்? கடைசி நடை வரைக்கும் இறங்காமல், ஏறுகிற ஆளிடமெல்லாம் "எங்க அக்காதான் ஓட்டுறாங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தது யார்? வெங்காயக் கூடைக்காரரிடம்கூடச் சொன்னாயே! "நேரா ஓட்டினா சரிதான் தம்பி" என்றார் அவர். அன்றைக்கு எனக்கு வந்த தைரியம், பெரிய பஸ் கொடுத்தபோதுகூட வரவில்லை. அந்தத் தொட்டிலில் உனக்கு இருந்த பெருமை எனக்கு உன் குடத்தில் இருக்காது என்று எப்படியடா நினைத்தாய்?

புலிக்கு வாலாக இருப்பதைவிட எலிக்குத் தலையாக இருப்பது மேல் என்பார்கள். குடத்தை நான் எலி என்றுகூடச் சொல்ல மாட்டேன். நீ தாகத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகிறவன்.

யானையைப் பரண்மேல் ஏற்றிவிட்டேன். பல் டாக்டரிடம் போய், "என் தம்பி படகு மாறிடுச்சு டாக்டர். இப்ப கேப்டன்" என்றேன். "தண்ணிப் படகா? அதுக்கு பிளான் கிடைக்காதேம்மா" என்றார். கிடைக்காதாமே! கேப்டன் இருக்கிறான், நாடா இருக்கிறது, பிறகென்ன? குடத்தை முன்னும் பின்னும், மேலும் கீழும் அளந்து நீயே வரைந்து அனுப்பு. கண்காட்சி நவம்பரில். சாப்பிடு, அளந்துவிட்டுச் சாப்பிடு.

உன் அக்கா

*

ஆகஸ்ட் 6

அன்புள்ள அக்காவுக்கு,

திட்டு கிடைத்தது. மனசு லேசாகிவிட்டது. உடம்பும் தேவலை. கிரீஸ் உனக்கு வணக்கம் சொல்லச் சொன்னார்.

நல்லவேளை, போன மாதம் வண்ணம் அடிப்பதற்காகக் குடத்தைக் கரையேற்றினார்கள். தண்ணீருக்கு அடியில் அது எப்படி இருக்கும் என்று நானே அன்றைக்குத்தான் பார்த்தேன். மேலே பார்த்தால் சப்பையான தொட்டி, அடியில் பார்த்தால் எவ்வளவு அழகாக வளைந்து போகிறது தெரியுமா! ஒரு மீட்டருக்கு ஒரு கோடு போட்டோம். கோட்டுக்குக் கோடு நூலில் குண்டு கட்டித் தொங்கவிட்டு, நூலிலிருந்து பலகை எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று அளந்தோம். நான் எண்ணைச் சொல்லச் சொல்ல கிரீஸ் படகின் மேலேயே சுண்ணாம்புக் கட்டியால் எழுதினார். வண்ணம் அடிக்க வந்தவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

இடது பக்கம் முன்னால் ஒரு நெளிவு இருக்கிறது. முதலில் என் அளவுதான் தப்பு என்று நினைத்தேன். பிறகு கிரீஸ் சொன்னார், எப்போதோ யானை திரும்பும்போது இடித்ததாம். "இடிச்சது அவங்க. அன்னிக்கும் தண்ணி கொடுத்தது நாங்க" என்றார். அதை வரைந்திருக்கிறேன். நீ நிமிர்த்திவிடாதே.

எனக்குக் கிடைத்த தாளில் படகு முப்பது சென்டிமீட்டர் வருகிறது. ஆகவே ஒன்றுக்கு நாற்பது. இந்தத் தடவை புத்தியாக, தாளின் ஓரத்தில் ஒரு கோடு போட்டு, அதன்மேல் 'இது படகில் ஐந்து மீட்டர்' என்று எழுதியிருக்கிறேன். நீ படத்தைச் சுருக்கினாலும் நீட்டினாலும் கோடும் கூடவே வரும், ஏமாற்றாது. எனக்கென்னவோ ஒரு மீட்டருக்கு மேலேயே பெரிதாகச் செய்தால் என்ன என்று தோன்றுகிறது. பார்க்கிறவர்கள் வாய் பிளக்கட்டும்!

மாமாவின் முதுகு எப்படி இருக்கிறது?

உன் தம்பி

*

ஆகஸ்ட் 14

அன்புள்ள கேப்டனுக்கு,

எல்லாரும் நலம். முதுகும் நலம். அதை நலமாகவே வைத்திருக்க வேண்டும் என்பதால்தான் ஒரு மீட்டருக்கு மேல் முடியாது. அறுபதை நூற்றிருபது ஆக்கினால் நீளம்தான் இரண்டு மடங்கு. அகலமும் உயரமும் கூடவே இரட்டிப்பதால் எடை எட்டு மடங்கு. அதைத் தூக்கிக்கொண்டு வர என் பஸ்தான் வேண்டும். மேஜையில் இடமும் இல்லை. கண்காட்சிக்கு மூன்றே மாதம் இருக்கும்போது பெரிதாக்கச் சொல்கிறாய்!

உன் தாளை நேராக இருநூறில் ஒரே தடவை போட்டேன். அறுபது சென்டிமீட்டர், ஒன்றுக்கு இருபது. உன் ஐந்து மீட்டர் கோட்டின்மேல் அடிக்குச்சியை வைத்தேன், இருபத்தைந்து சென்டிமீட்டர், மயிரிழை பிசகவில்லை. அந்தக் கோட்டைப் பல் டாக்டரிடம் காட்டினேன். "யார் போட்டது?" என்றார். "கேப்டன்" என்றேன்.

ஆனால் நான் ஒரு கூத்து செய்தேன். விலாக்களின் மேல் பலகை ஒட்டும்போது படகு அந்தத் தடிமனுக்குப் பருத்துவிடும் அல்லவா? அதனால் விலாவில் இரண்டு மில்லி கழிக்க வேண்டும். நான் அவசரக்குடுக்கை, உன் சின்னத் தாளிலேயே கழித்துவிட்டு அப்புறம் இரட்டித்தேன். கழித்ததும் இரட்டித்து நான்காகிவிட்டது. குடம் இளைத்துப் போய் நின்றது. உன் மாமா பார்த்தார். "சட்டையைப் பெருசா வெட்டினா, தையலுக்கு விடுற ஓரத்தையுமா பெருசா விடுவாங்க?" என்றார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக என்னைக் கணக்கில் மடக்கிவிட்ட சந்தோஷத்தில் இன்றுவரை மிதக்கிறார். விலாக்களை மறுபடி வெட்டினேன்.

நெளிவை நிமிர்த்த மாட்டேன். அதற்காகவே தனியாக ஒரு பலகையை வெந்நீரில் ஊறவைத்து வளைத்திருக்கிறேன். நேரான பக்கத்தைவிட அதற்குத்தான் வேலை அதிகம்.

கிரீஸுக்கு என் வணக்கம். சட்டையைத் துவைக்கச் சொல்.

உன் அக்கா

*

நவம்பர் 22

என் தம்பி கேப்டனுக்கு,

நலம். உன் நலத்தை நீ எழுதுவதற்குள் என் கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் தொண்டை வெடித்துவிடும்.

கண்காட்சி முடிந்தது. எனக்கு இந்தப் பக்கம் ஒரு போர்க்கப்பல், அந்தப் பக்கம் ஒரு பயணிகள் கப்பல். இரண்டும் ஒன்றுக்கு இருநூறு. நடுவில் நம் குடம். நீளத்தில் ஏறக்குறைய மூன்றும் சமம். நிஜத்தில் போர்க்கப்பல் உன் குடத்தைப்போல் பத்துப் படகை வரிசையாக நிறுத்தும் நீளம், மேஜையிலோ அதை எங்கோ தூரத்தில் நின்று பார்ப்பதுபோலத்தான் இருந்தது. அளவு விகிதம் என்பது நம் கையில் இருக்கிறது தம்பி. எவ்வளவு கிட்டே நின்று பார்ப்பது என்று நாம்தான் முடிவு செய்கிறோம்.

பல் டாக்டர் அளவெடுக்கும் கவராயத்தோடு வந்தார். கதவை அளந்தார், சக்கரத்தை அளந்தார், டயரை அளந்தார். நெளிவைப் பார்த்து, "இங்க கோணலா போயிருக்கேம்மா" என்றார். "இல்ல டாக்டர், நிஜமாவே கோணல். யானை இடிச்சது" என்றேன். உன் வரைபடத்தைப் பிரித்துச் சரிபார்த்தார். கடைசியில் உன்னை அளந்தார். எட்டரை சென்டிமீட்டர். இருபதால் பெருக்கி, "நூத்தியெழுபது. தம்பியா?" என்றார். "ஆமா" என்று சொல்வதற்குள் எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். யானையில் உன்னை நிறுத்துவதற்காக முன்பே ஓர் உருவம் செய்து வைத்திருந்தேன். அந்த அளவில் நீ மூன்றரை சென்டிமீட்டருக்கும் குறைவு. முகம் வரையப் பார்த்தேன், ஒரு புள்ளிக்குமேல் இடமில்லை. யாராக இருந்தாலும் அந்தப் புள்ளிதான். குடத்தில் உனக்கு முகம் இருக்கிறது. முன்வழுக்கை இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதே. கையை மடித்துவிட்ட சட்டை உன் மாமா தைத்தது, உண்மையான பொத்தான் துளையோடு. உன் இரண்டு கையும் சக்கரத்தில் இருக்கின்றன.

பரிசு போர்க்கப்பலுக்கு. கூட்டம் நம்மிடம். அந்தக் கப்பல்களைப் பார்த்தவர்கள் "எத்தனை பீரங்கி?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். நம்மிடம் வந்தவர்கள் குனிந்து பார்த்துவிட்டு, "இவர் யாரு?" என்று கேட்டார்கள். எத்தனை பேர் கேட்டார்களோ அத்தனை பேருக்கும் சொன்னேன். அட்டையில் படகின் வகை, அளவு, செய்தவர் மூன்றும்தான் எழுத வேண்டும். நான் கீழே இன்னொரு வரி சேர்த்தேன்: 'ஓட்டுபவர்: என் தம்பி.' டாக்டர் பார்த்துவிட்டு, "இதுக்கு விதியில இடமில்லையேம்மா" என்றார். "அட்டையில இருந்துச்சு டாக்டர்" என்றேன். அடுத்த மேஜைக்குப் போய்விட்டார்.

போட்டோ இதனுடன் இருக்கிறது. பத்திரம்.

உன் அக்கா

*

டிசம்பர் 5

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் கிரீஸும் நலம். அவர் சட்டையைத் துவைத்துவிட்டார், யாருக்கும் அடையாளம் தெரியவில்லை.

போட்டோவைச் சுக்கான் அறையில் நடுக் கண்ணாடிக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். அன்று முழுக்கக் கண் அதற்கே போனது. பெருமையாக இருந்தது அக்கா. என்னைச் செய்ததற்காக மட்டும் இல்லை. பஸ் ஓட்டிவிட்டு வந்து, கைவலியோடு ஒரு நெளிவுக்காகப் பலகையை ஊறவைத்து வளைத்தாயே, அதற்கும்தான். நானும் எல்லாருக்கும் சொல்லிவிட்டேன், தண்ணீர் வாங்கிய ஒவ்வொரு கப்பலிலும். "எங்க அக்கா செஞ்சது" என்று.

நேற்று யானைக்குத் தண்ணீர் கொண்டுபோனோம். தட்டு, டம்ளர் சத்தம் வழக்கம்போல. நான் குழாயை மாட்டிக்கொண்டிருந்தேன். சத்தம் திடீரென்று நின்றது. பார்த்தால் யானையின் கேப்டனே ஏணியில் இறங்கி என் படகுக்கு வருகிறார். ஆறு வருஷம் அவருக்குக் கீழே வேலை பார்த்திருக்கிறேன், அவர் ஏறித்தான் பார்த்திருக்கிறேன், இறங்கிப் பார்த்ததில்லை. "போட்டோ ஒண்ணு வச்சிருக்கியாமே" என்றார். தலை இடிக்காமல் குனிந்து என் சுக்கான் அறைக்குள் வந்தார். போட்டோவைப் பார்த்தார். நெளிவைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு சட்டை, கை, முகம் எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தார்.

"நல்லா இருக்குப்பா. அசல் நீயேதான்" என்றார். போகத் திரும்பினவர் வாசலில் நின்று, "எங்க யானையை இதே நீளத்துக்குச் செஞ்சா, நான் எவ்வளவு இருப்பேன்?" என்று கேட்டார்.

பணிவாகத்தான் சொன்னேன் அக்கா, சத்தியமாக. "மூணரை சென்டிமீட்டர், கேப்டன். உங்க உயரத்துக்கு ஒரு நூல் கூட வரும்" என்றேன்.

அவர் போட்டோவை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு ஏணியில் ஏறிப் போனார். நான் குழாயைத் திறந்து, யானைக்குத் தண்ணீர் விட்டேன்.

மாமாவுக்கு என் அன்பு.

உன் தம்பி,
எட்டரை சென்டிமீட்டர்